லித்தியம் அளக்க ஒரு கருவி செய்து கொடுங்கள்: உயிர்மருத்துவப் பொறியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிர்மருத்துவப் பொறியியல் படிக்கிறவர்கள், சொல்லிக்கொடுக்கிறவர்கள், அந்தத் துறையில் புதிதாக நிறுவனம் தொடங்கியிருப்பவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

காவிரி டெல்டாவில் ஒரு சிறு ஊரில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். என் தம்பிக்கு இருமுனைய மனநோய், அதாவது மனம் சில காலம் எல்லை மீறிக் கிளர்ந்தும் சில காலம் சோர்ந்தும் போகும் நோய். கல்லூரியில் படிக்கும்போது வந்தது. இப்போது லித்தியம் மாத்திரையில் நிலையாக இருக்கிறான், சைக்கிள் கடை நடத்துகிறான், கல்யாணமாகி ஒரு பெண் குழந்தை இருக்கிறாள். பகலில் ஊரார் ரத்தத்தை அளக்கிறேன், வீட்டில் தம்பியின் லித்தியம் அளவுக்குக் கணக்கு வைத்துக்கொள்கிறேன். இந்த இரண்டு இடத்திலும் இருந்து பார்த்ததை வைத்துத்தான் உங்களுக்கு எழுதுகிறேன்.

உங்களில் நிறையப் பேர் மனநோயைக் கண்டுபிடிக்கும் கையடக்கக் கருவி ஒன்றைச் செய்துகொண்டிருக்கிறீர்கள். மணிக்கட்டில் ஒரு பட்டை. அதில் இதயத்துடிப்பு, தோலின் ஈரம், உடல் சூடு, கை அசைவு ஆகியவற்றைப் பிடிக்கும் சென்சார்கள். போனில் ஓர் ஆப். கடைசியில் அந்த ஆப் ஒரு பதில் சொல்லும்: மன அழுத்தம் இருக்கிறது அல்லது இல்லை, மனச்சோர்வு இருக்கிறது அல்லது இல்லை. வேறு சிலர் வியர்வையில் கார்ட்டிசால் என்ற மன அழுத்த ஹார்மோனை அளக்கும் ஒட்டுப்பட்டை செய்கிறீர்கள். உங்கள் நோக்கம் நல்லது. மனநோய் என்றாலே பேச்சை மாற்றுகிற ஊர்களில், அதற்காக ராத்திரி கண்விழித்து சர்க்யூட் போடுகிற இளைஞர்கள் இருக்கிறார்கள் என்பதே எங்களைப் போன்ற குடும்பங்களுக்குத் தெம்பாக இருக்கிறது.

என் வேண்டுகோள் ஒன்றுதான். இவருக்கு நோய் இருக்கிறதா என்ற கேள்வியைக் கொஞ்ச காலம் ஒதுக்கி வையுங்கள். நோய் இருப்பது தெரிந்து, மருந்தும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறவர் இன்றைக்கு எதை அளந்து பார்த்தால் பிழைப்பார் என்று கேளுங்கள். அப்படிக் கேட்டால் முதலில் வந்து நிற்பது லித்தியம்.

ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட், லித்தியம் மேனியாவை, அதாவது அந்தக் கிளர்ச்சிக் கட்டத்தை, தணிக்கிறது என்று 1949-இல் எழுதினார். முக்கால் நூற்றாண்டு ஆகிவிட்டது. இருமுனைய நோய்க்கு இன்றும் அதுதான் முன்வரிசை மருந்து. தற்கொலை ஆபத்தைக் குறைக்கிறது என்று பல ஆய்வுகள் காட்டிய மருந்தும் அதுவே. விலையும் குறைவு. சிக்கல் எங்கே என்றால், மருந்தாகும் அளவுக்கும் நஞ்சாகும் அளவுக்கும் நடுவில் இடைவெளி மிகச் சிறியது. நீண்டகாலம் சாப்பிடுகிறவருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருக்கலாம். 1.5-ஐத் தாண்டினால் நஞ்சின் அறிகுறிகள் தொடங்கும். 2-ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து.

மாத்திரையைக் கூட்டாமலேயே இந்த அளவு ஏறும் என்பதுதான் பயம். சிறுநீரகம் லித்தியத்தை ஏறக்குறைய சோடியம் போலவே நடத்துகிறது. உடம்பில் உப்பும் தண்ணீரும் குறைந்தால் சோடியத்தை வெளியே விடாமல் பிடித்து வைக்கும், கூடவே லித்தியமும் தங்கிவிடும். இரண்டு நாள் வயிற்றுப்போக்கு போதும். அக்னி நட்சத்திர வெயிலில் களத்து மேட்டில் நின்றால் போதும். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் போன்ற வலி மாத்திரைகளும் லித்தியத்தை ஏற்றும். பிரஷருக்குத் தருகிற எனலாப்ரில், லோசார்டான், டெல்மிசார்டான் ஏற்றும். எங்கள் பக்கம் இதெல்லாம் எவ்வளவு சாதாரணம் என்று உங்களுக்கே தெரியும். மூட்டு வலி என்றால் சீட்டு எதுவும் இல்லாமல் மெடிக்கலில் போய் நின்று நான்கு மாத்திரை வாங்கிக்கொள்கிறோம்.

என் தம்பிக்கு ஒரு கோடையில் இதுதான் நடந்தது. பல் வலிக்குக் கடையில் வாங்கிய வலி மாத்திரையைச் சாப்பிட்டுக்கொண்டு, தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து சக்கரம் கோணல் எடுத்துக்கொண்டிருந்தான். முதலில் கை நடுங்கியது. லித்தியம் சாப்பிடுகிறவர்களுக்கு லேசான நடுக்கம் எப்போதுமே இருக்கும், அதனால் அது புதிதாகப் படவில்லை. அப்புறம் ஸ்போக் கம்பியை நிப்பிளில் நுழைக்க முடியவில்லை. டீ டம்ளரைத் தூக்கினால் பாதி சட்டையில் கொட்டியது. சாயங்காலத்துக்குள் நாக்கு குழறி, நடை தள்ளாட ஆரம்பித்துவிட்டது. பக்கத்துக் கடைக்காரர் குடித்திருக்கிறான் என்று நினைத்துக் கைத்தாங்கலாக வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். லித்தியத்தை நிறுத்தி சலைன் ஏற்றினார்கள். ரத்தத்தை எடுத்து வெளியூர் லேபுக்கு அனுப்பினார்கள். மறுநாள் மதியம்தான் ரிசல்ட் வந்தது: 1.9. டாக்டர் அந்த எண்ணுக்காகக் காத்திருக்காமல் அறிகுறியை வைத்தே வைத்தியத்தைத் தொடங்கியிருந்ததால் தம்பி பிழைத்தான். அன்று பணியில் வேறு ஒருவர் இருந்து, குடிபோதை என்று குளுக்கோஸ் போட்டு அனுப்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போது இப்போதும் வயிற்றைப் பிசைகிறது.

நான் வேலை பார்க்கிற லேபில் ஏன் அளக்கவில்லை என்று கேட்பீர்கள். எங்களிடம் சோடியம், பொட்டாசியம் பார்க்கிற எலக்ட்ரோலைட் மெஷின் இருக்கிறது. லித்தியத்துக்குத் தனி எலக்ட்ரோடு வாங்க வேண்டும், மெஷினின் அளவைச் சரிசெய்யும் தனி காலிப்ரேட்டர் திரவம் வாங்க வேண்டும். எப்போதோ ஒருவர் கேட்டு வருகிற டெஸ்டுக்கு எந்தச் சிறு லேபும் அந்தச் செலவைச் செய்யாது. அதனால் டெல்டாவின் சிறு ஊர்களில் லித்தியம் டெஸ்ட் என்றால் மெடிக்கல் காலேஜுக்குப் போக வேண்டும், அல்லது நகரத்து கலெக்‌ஷன் சென்டரில் ரத்தம் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும்.

அதிலும் நேரக் கணக்கு இருக்கிறது. கடைசி மாத்திரை போட்டு 12 மணி நேரம் கழித்துத்தான் ரத்தம் எடுக்க வேண்டும். ராத்திரி ஒன்பது மணிக்கு மாத்திரை என்றால் காலை ஒன்பதுக்கு ஊசி. முதல் பஸ்ஸைப் பிடித்துப் போய், டோக்கன் வாங்கி, பத்தரை மணிக்குக் கூப்பிட்டால் அந்த எண் அப்போதே தப்பாகத் தொடங்கிவிடுகிறது. டோஸை மாற்றினால் ஐந்து முதல் ஏழு நாளில் மறுபடி பார்க்க வேண்டும். நிலைப்பட்ட பிறகும் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒருமுறை, கூடவே சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் தைராய்டும். ஒவ்வொரு தடவையும் கடை அரை நாள் மூடல். கூலி வேலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் சம்பளத்தை விட வேண்டும். அதனால் டெஸ்ட் தள்ளிப்போகிறது. டெஸ்ட் தள்ளிப்போகும் என்று தெரிந்த டாக்டர்களும் லித்தியம் எழுதவே தயங்குகிறார்கள். நல்ல மருந்து ஒன்று அளவுகோல் இல்லாத காரணத்தால் கைவிடப்படுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், இது லேப் ஆட்களுக்குத்தான் உறைக்கும். பச்சை மூடி போட்ட ரத்தக் குழாயில் உறையாமல் இருப்பதற்காக இருக்கும் ரசாயனம் பெரும்பாலும் லித்தியம் ஹெப்பாரின். அந்தக் குழாயில் ரத்தம் எடுத்து லித்தியம் பார்த்தால், குழாயின் லித்தியமும் சேர்ந்து அளவு எகிறும். ஒருமுறை ஒரு கலெக்‌ஷன் சென்டரில் தம்பிக்கு அந்தக் குழாயில்தான் எடுத்தார்கள். வந்த எண்ணைப் பார்த்து வீடே கலங்கிவிட்டது, அவனோ கல் மாதிரி நன்றாக உட்கார்ந்திருந்தான். நீங்கள் விரல் ரத்தத்துக்குக் கருவி செய்யும்போது, ரத்தம் உறிஞ்சும் நுண்குழாயில் என்ன பூசியிருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

இது நடக்க முடியாத ஆசை இல்லை. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஆய்வு, ஒரு சொட்டு விரல் ரத்தத்தில் லித்தியத்தைப் பிரித்து அளக்கும் சிறு சிப் வரைக்கும் வந்தது. கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலஸ் வளாகத்தில், விரல் நுனியைத் தொட்டு வைத்தாலே அங்கிருக்கும் துளி வியர்வையில் லித்தியத்தை உணரும் சென்சாரை 2023-இல் காட்டினார்கள். அறிவியல் தடை கடினம்தான்: ரத்தத்தில் சோடியம் லிட்டருக்கு 140 மில்லிமோல் அளவில் இருக்கும்போது, 0.8 அளவில் இருக்கும் லித்தியத்தை அடையாளம் காண வேண்டும். சுமார் 175 மடங்கு கூட்டத்துக்கு நடுவே ஒருவரைத் தேடுவது. உண்மையான பொறியியல் சவால் தேடுகிற மாணவருக்கு இதைவிட நல்ல புராஜெக்ட் எங்கே கிடைக்கும்?

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ நடக்கிறது. எங்கள் தெருவுக்கும் அந்தத் தன்னார்வலர் அக்கா வருகிறார். அம்மாவின் விரலில் குத்தி, ஸ்ட்ரிப்பில் தொட்டு, திண்ணையில் உட்கார்ந்தபடியே சர்க்கரை அளவைச் சொல்லிவிட்டு மாத்திரையும் கொடுத்துவிட்டுப் போகிறார். அதே வீட்டில் இருக்கும் தம்பி, தன் அளவைத் தெரிந்துகொள்ள முதல் பஸ் பிடிக்க வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோயாளிகளின் எண்ணிக்கை பெரிது, சந்தை பெரிது, அதனால் கருவி வந்துவிட்டது. லித்தியம் சாப்பிடுகிறவர்கள் குறைவு. குறைவானவர்களுக்காகச் செய்வதற்குத்தான் கல்லூரி ஆய்வும் அரசு நிதியும் இருக்கின்றன என்று நான் நம்புகிறேன்.

இனி நீங்கள் இப்போது செய்துகொண்டிருக்கும், நோயைக் கண்டுபிடிக்கும் கருவிக்கு வருகிறேன். அதை ஏன் ஒதுக்கி வைக்கச் சொல்கிறேன் என்பதற்குக் காரணம் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

உங்களில் பலர் ‘வெசாட்’ என்ற பொதுத் தரவுத் தொகுப்பில் உங்கள் புரோகிராமைப் பழக்குகிறீர்கள். ஜெர்மனி ஆய்வாளர்கள் 2018-இல் வெளியிட்டது, நேர்மையாகவும் கவனமாகவும் செய்யப்பட்டது. அதில் இருப்பது 15 பேர்: 12 ஆண்கள், 3 பெண்கள், சராசரி வயது 27 சொச்சம். அவர்களை ஒரு குழுவுக்கு முன்னால் பேசச் சொல்லியும், பெரிய எண்ணிலிருந்து பதினேழு பதினேழாகக் கழித்துச் சொல்லச் சொல்லியும் பதற்றத்தை உண்டாக்கி, அதை சென்சார்களில் பதிந்தார்கள். மனநோய் உள்ளவர்கள் கலந்துகொள்ள வேண்டாம் என்று அழைப்பிலேயே விலக்கியிருந்தார்கள். அந்த ஆய்வின் நோக்கத்துக்கு அது சரி. ஆனால் நோயாளி ஒருவர்கூட இல்லாத தரவில் பழகிய புரோகிராமை வைத்து, ஆறு மாதமாகப் படுக்கையை விட்டு எழாத ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வு இருக்கிறதா என்று தீர்ப்புச் சொல்வது எப்படிச் சரியாகும்?

சென்சார்கள் பிடிக்கும் குறிகளும் மனநோய்க்கு மட்டும் சொந்தமானவை அல்ல. மனச்சோர்வில் இதயத்துடிப்பின் ஏற்ற இறக்கம் குறைகிறது என்பது உண்மை. நீண்டநாள் சர்க்கரை நோயில் நரம்பு பாதித்தாலும் அது குறையும், மனச்சோர்வுக்குத் தருகிற அமிட்ரிப்டிலின் மாத்திரை சாப்பிட்டாலும் குறையும். இந்தியாவில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வு 2023-இல் சொன்னது. தோலின் ஈரத்தை அளக்கும் சென்சார், குளிரூட்டிய அறையில் பதற்றத்தைக் காட்டும், நாகப்பட்டினத்து மே மாதத்தில் மே மாதத்தைத்தான் காட்டும். பட்டை துடிப்பை அளக்கப் பாய்ச்சும் பச்சை ஒளியைத் தோலின் கறுப்பு நிறமி உறிஞ்சிக்கொள்ளும். கொரோனா காலத்தில் ஆக்சிமீட்டர்கள் கறுத்த தோல் உள்ளவர்களின் ஆக்சிஜன் குறைவைத் தவறவிட்டது அமெரிக்காவில் 2020-இல் வெளிவந்து பெரிய விவாதமானது. கார்ட்டிசாலோ, தூங்கி எழுந்த அரை மணி நேரத்தில் உச்சத்துக்குப் போய் நாள் முழுக்க இறங்கிக்கொண்டே இருக்கும் பொருள். நைட் ஷிப்ட் பார்க்கிற ஸ்பின்னிங் மில் பெண்ணுக்கு எந்த நேரத்து அளவை எதனோடு ஒப்பிடுவீர்கள்?

கார்ட்டிசாலை வைத்து மனச்சோர்வைக் கண்டுபிடிக்கலாம் என்று ஏற்கெனவே ஒரு தடவை உலகமே நம்பியது. ராத்திரி ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்து, மறுநாள் கார்ட்டிசால் அடங்குகிறதா என்று பார்ப்பார்கள். அடங்காவிட்டால் தீவிர மனச்சோர்வு. பெர்னார்ட் கேரலும் உடன் இருந்தவர்களும் 1981-இல் இதைக் குறிப்பான ஆய்வகப் பரிசோதனை என்று அறிவித்தபோது ஆஸ்பத்திரிகள் எல்லாம் எடுத்துக்கொண்டன. சில வருடங்களிலேயே, எடை குறைந்தவர்களிடமும் மறதி நோய் உள்ளவர்களிடமும் குடியை நிறுத்தியவர்களிடமும் அதே முடிவு வருவது தெரிந்தது. வழக்கமான மனநலச் சிகிச்சையிலிருந்து அந்தப் பரிசோதனை மறைந்துவிட்டது. ரத்தத்தில், நல்ல லேபில், கட்டுப்பாட்டோடு அளந்தும் நிற்காத விஷயத்தை வியர்வை ஒட்டுப்பட்டையில் நிறுத்த முடியுமா என்று யோசியுங்கள்.

கணக்கும் ஒன்று போட்டுப் பாருங்கள். பெங்களூருவின் மனநல நிறுவனமான நிமான்ஸ் 2015-16-இல் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் நூற்றுக்கு 2.7 பேர் அப்போது மனச்சோர்வில் இருந்தார்கள். ஆயிரம் பேருக்கு உங்கள் பட்டையைக் கட்டுவோம். நோய் உள்ள 27 பேரில் 90 சதவீதத்தை அது பிடிக்கிறது, நோய் இல்லாதவர்களில் 90 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம், இது தாராளமான மதிப்பீடு. 24 பேரைச் சரியாகப் பிடிக்கும். கூடவே நோயில்லாத 97 பேருக்கும் சிவப்பு விளக்கு எரியும். சிவப்பு எரிந்த ஐந்து பேரில் நான்கு பேருக்கு நோயே இல்லை. அந்த நான்கு பேரில் ஒருவர் பெண் பார்த்து முடிவாகிய பெண்ணாக இருந்தால்?

இது கற்பனைப் பயமில்லை. இந்து திருமணச் சட்டத்தின் 13-வது பிரிவில் மனநோய் விவாகரத்துக்கு ஒரு காரணமாக இருக்கிறது. ஆப்பின் திரையில் வந்த சதவீதத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வக்கீலிடம் கொடுக்க எத்தனை நேரம் ஆகும்? 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், ஏற்றுக்கொள்ளப்பட்ட மருத்துவ அளவுகோல்களின்படிதான் மனநோயைத் தீர்மானிக்க வேண்டும் என்கிறது. நோயாளியின் தகவலை ரகசியமாக வைக்கவும் சொல்கிறது. அது ஆஸ்பத்திரிக்கும் டாக்டருக்கும் தெளிவாகப் பொருந்தும். பட்டை விற்கிற கம்பெனியின் சர்வருக்கு? 2011-இன் தகவல் தொழில்நுட்ப விதிகளில் மனநலத் தகவல் தனிக் கவனம் வேண்டிய வகையாக இருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படி ஒரு தனி வகையே இல்லை. சட்டம் விட்ட இடத்தை நீங்கள் கருவிக்குள்ளேயே அடைக்க வேண்டும்: தரவு போனை விட்டு வெளியே போகாதபடி செய்யுங்கள்.

மனநல மருத்துவர்கள் ஒரு லட்சம் பேருக்கு ஒருவர்கூட இல்லை, அதனால்தான் கருவி செய்கிறோம் என்பீர்கள். பற்றாக்குறை நிஜம். ஆனால் கண்டுபிடிப்பதற்கு ஏற்கெனவே மலிவான வழி இருக்கிறது. ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 தாள், காசில்லாமல் கிடைக்கிறது, பட்டைகளின் துல்லியத்துக்கு அது குறைந்ததில்லை. அந்தக் கேள்விகளைக் கேட்கும்போது எதிரில் ஒரு மனிதர் உட்கார்ந்திருக்கிறார் என்பதே பாதி வைத்தியம். நிமான்ஸின் அதே கணக்கெடுப்பில் இருமுனைய நோய் உள்ளவர்களில் 70 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை. அந்த வீடுகளில் பையனுக்கு ஏதோ சரியில்லை என்பது யாருக்கும் தெரியாமல் இல்லை. ஏர்வாடி தர்காவுக்கும் குணசீலம் கோயிலுக்கும் கூட்டிக்கொண்டு போகிறார்களே, தெரிந்துதானே? தெரிந்த பிறகு பக்கத்தில் டாக்டர் இல்லை, மாத்திரை தொடர்ந்து கிடைப்பதில்லை, அளவு பார்க்க வழியில்லை. உங்கள் கருவி அந்தக் கடைசிக் குறையையாவது தீர்க்கலாம்.

நோய் கண்டறிதலுக்கு உதவியே ஆக வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால் அதற்கும் ஒரு இடம் இருக்கிறது. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வு மாதிரியே இருக்கும், கூடினால் பதற்றமும் தூக்கமின்மையும் வரும். ரத்தசோகையும் பி12 குறைவும் ஒரு ஆளை அசத்திப் போட்டுவிடும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 15 முதல் 49 வயதுப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே விரல் ரத்தத்தில் தைராய்டுக்கான டி.எஸ்.எச். டெஸ்ட் பார்க்கும் மலிவான கருவி இருந்தால், தூக்க மாத்திரையோடு திருப்பி அனுப்பப்படுகிற எத்தனையோ பெண்களுக்குச் சரியான வைத்தியம் அன்றைக்கே தொடங்கும்.

மணிக்கட்டுப் பட்டையை முழுக்க வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அதற்கு ஒரே ஒரு வேலை இருக்கிறது: தூக்கம். தம்பிக்கு மேனியா வருவதற்கு முன்னால் தூக்கம் சுருங்கும். மூன்று மணி நேரம் தூங்கிவிட்டு, களைப்பே இல்லாமல் எழுந்து, விடியற்காலையில் கடையைத் திறந்து எல்லா வண்டிக்கும் எண்ணெய் போடுவான். அவன் மனைவிதான் முதலில் கவனிப்பாள். அவள் பிறந்த வீட்டுக்குப் போயிருக்கும் வாரத்தில் கவனிக்க ஆள் இல்லை. அங்கே பட்டை உதவும். ஊரார் சராசரியோடு ஒப்பிட வேண்டாம், அவனுடைய போன மாதத்தோடு அவனுடைய இந்த வாரத்தை ஒப்பிட்டால் போதும். நோய்ப் பெயர் எதுவும் சொல்ல வேண்டாம், ‘தொடர்ந்து நான்கு ராத்திரி தூக்கம் குறைவு’ என்று சொன்னால் போதும். ஒன்றை மட்டும் சரிசெய்யுங்கள். இந்தப் பட்டைகள் அசையாமல் படுத்திருப்பதையும் தூக்கம் என்றே கணக்கெடுத்துக்கொள்கின்றன. கண்ணைத் திறந்துகொண்டு கூரையைப் பார்த்தபடி கிடப்பதுதான் எங்கள் வீடுகளில் பெரிய செய்தி.

அந்த எச்சரிக்கை முதலில் யாருக்குப் போக வேண்டும்? அவனுக்குத்தான். அப்புறம் அவன் யாரைச் சொல்கிறானோ அவருக்கு. மனநலச் சட்டத்தின் 14-வது பிரிவு, நோயாளி தனக்காகப் பேச ஒரு நியமனப் பிரதிநிதியைத் தானே தேர்ந்தெடுக்கலாம் என்கிறது. நலமாக இருக்கும்போதே தன் சிகிச்சை எப்படி இருக்க வேண்டும் என்று முன்கூட்டி எழுதி வைக்க 5-வது பிரிவு வழி செய்கிறது. உங்கள் ஆப்பின் செட்டிங் இந்த இரண்டு உரிமைகளின் மேல் கட்டப்பட வேண்டும். தம்பி என்னைத் தேர்ந்தெடுக்காமல் அவன் நண்பனைத் தேர்ந்தெடுத்தால், செய்தி எனக்கு வரக் கூடாது.

மனச்சிதைவு நோயாளிகளுக்கு எதையாவது கட்டுவதற்கு முன்னால் இன்னும் நிதானமாக இருங்கள். தன்னை யாரோ கண்காணிக்கிறார்கள், உடம்புக்குள் சிப் வைத்துவிட்டார்கள் என்று நம்பி நடுங்குவது அந்த நோயின் இயல்பு. அமெரிக்காவில் 2017-இல், விழுங்கியதும் வயிற்றிலிருந்து சமிக்ஞை அனுப்பும் மணல் அளவு சென்சாரை அரிப்பிப்ரசோல் என்ற மனநோய் மாத்திரைக்குள் வைத்து, மனச்சிதைவுக்கும் சேர்த்து அனுமதித்தார்கள். ஒழுங்காக மருந்து சாப்பிட அது உதவுகிறது என்பது நிரூபிக்கப்படவில்லை என்று அதன் குறிப்பிலேயே எழுதியிருந்தது. சென்சார் செய்த கம்பெனி 2020-இல் திவாலானது. அந்த மாத்திரையை வடிவமைத்த மேஜையில் மனச்சிதைவோடு வாழும் ஒருவர் உட்கார்ந்திருந்தால் முதல் நாளே கையைத் தூக்கியிருப்பார். உங்கள் மேஜையில் அப்படி ஒருவர் இருக்கட்டும், சம்பளத்தோடு.

சரி, லித்தியம் கருவிக்கே வருகிறேன். எங்களுக்குத் தேவையானது இதுதான். விரல் நுனியில் ஒரு சொட்டு ரத்தம். 0.4 முதல் 2.5 வரை படிக்க வேண்டும். 0.9-க்கும் 1.2-க்கும் வித்தியாசம் தெளிவாகத் தெரிய வேண்டும், ஏனென்றால் டோஸ் முடிவு அந்த இடைவெளியில்தான் நடக்கிறது. எண்ணைத் தமிழில் சத்தமாகச் சொன்னால் நல்லது, நடுங்கும் கையால் திரையைத் தட்டிக்கொண்டிருக்க முடியாது. கடைசி மாத்திரை எத்தனை மணிக்கு என்று கேட்டுவிட்டு அளக்கட்டும். 1.5-க்கு மேல் போனால் மாத்திரையை நிறுத்தி உடனே டாக்டரைப் பார்க்கச் சொல்லட்டும், அதற்குக் கீழே டோஸ் மாற்றும் யோசனை எதையும் கருவி சொல்லக் கூடாது. ரத்தசோகை உள்ளவர்களின் நீர்த்த ரத்தத்தில் எண் ஏமாற்றுகிறதா என்று தனியாகச் சோதியுங்கள், சில குளுக்கோமீட்டர்கள் அங்கேதான் சறுக்குகின்றன. ஸ்ட்ரிப் 42 டிகிரி வெயிலில் ஃபிரிட்ஜ் இல்லாத துணை சுகாதார நிலையத்தின் அலமாரியில் கெடாமல் இருக்க வேண்டும். அதே சொட்டில் கிரியாட்டினினும் பார்க்க முடிந்தால் சிறுநீரகத்தையும் சேர்த்துக் காப்பாற்றுவீர்கள். வீட்டுக்கு வீடு வேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை. மாவட்ட மனநலத் திட்டக் குழு தாலுகா ஆஸ்பத்திரிக்கு வரும் நாளில் அந்த மேஜையில் ஒன்று இருந்தால் போதும்.

முதல் மாதிரி தயாரானதும் எழுதுங்கள். உங்கள் கல்லூரியின் நெறிமுறைக் குழு அனுமதி கொடுத்த பிறகு, தம்பிக்கு வழக்கமான டெஸ்ட் எடுக்கும் காலையிலேயே உங்கள் கருவியிலும் ஒரு சொட்டு வைத்து, பெரிய லேபின் எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அவனிடம் கேட்டுவிட்டேன். சம்மதப் படிவம் தமிழில் இருக்க வேண்டும், தானே படித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்கிறான். எங்கள் பக்கத்தில் லித்தியம் சாப்பிடுகிற வேறு சில குடும்பங்களையும் எனக்குத் தெரியும், அவர்களும் வருவார்கள். குழாயில் ரத்தம் எடுக்கும் வேலையை நானே செய்கிறேன், சிவப்பு மூடிக் குழாயில்.

இப்படிக்கு,
டெல்டாவிலிருந்து ஒரு லேப் டெக்னீஷியன்